இரண்டு மில்லிமீட்டர்

மால், ஆஸ்பத்திரி, ஐ.டி. கம்பெனி என்று எங்காவது போனால் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கூரையில் பத்தடி, பன்னிரண்டடிக்கு ஒன்றாகச் சின்னப் பித்தளைக் குமிழ் ஒன்று தொங்கும். அதன் நடுவில், பாதித் தீக்குச்சி நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே பெரும்பாலும் சிவப்புத் திரவம். தீயின் சூடு ஏறி அந்தத் திரவம் 68 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விரிந்து குப்பியை உடைக்கும். குப்பி முட்டுக்கொடுத்து வைத்திருந்த மூடி கீழே விழும். குழாய்க்குள் அழுத்தத்தோடு காத்துக்கிடந்த தண்ணீர் பல் பல்லாக வெட்டிய ஒரு தட்டில் மோதிக் குடை மாதிரி விரியும். இதுதான் ஸ்பிரிங்க்ளர். கரண்ட் வேண்டாம், சென்சார் வேண்டாம், சாஃப்ட்வேர் வேண்டாம். மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

சினிமாவில் ஹீரோ லைட்டரைக் கூரைக்கு நீட்டுவார், உடனே கட்டிடம் முழுக்க மழை கொட்டும். அது கதை. ஒவ்வொரு குமிழும் தன் சூட்டுக்குத் தானே உடையும். பெரும்பாலான தீ விபத்துகளில் ஒன்றிரண்டு குமிழ் திறப்பதோடு வேலை முடிந்துவிடும்.

நான் சொல்ல வருவது அந்தக் குப்பியின் தடிமனைப் பற்றி. பரவலாகப் புழங்குவது இரண்டு வகை: 5 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர். இரண்டுமே 68 டிகிரியில்தான் உடையும். ஆனால் பருத்தது சூட்டை மெதுவாக வாங்கும், மெலிந்தது சட்டென்று வாங்கும். அடுப்பில் வைத்த அண்டாவுக்கும் டம்ளருக்கும் உள்ள வித்தியாசம். பொருள் எரியாமல் தடுக்க மெதுவானதே போதும். அதே அறையில் ஒரு மனிதர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் வேகமானது வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வர உலகம் நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

எங்கள் ஊரான ஆண்டிமடத்தில் இந்தக் குமிழ் மாட்டிய கட்டிடம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் இதை மாட்டத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். அரியலூர் மாவட்டத்தின் வடக்கு மூலை, செம்மண், முந்திரிக்காடு, மழையை நம்பின விவசாயம். பையன்கள் பத்தாவதோ ஐ.டி.ஐ.யோ முடித்ததும் பாஸ்போர்ட் எடுப்பார்கள். துபாய், கத்தார், குவைத், சிங்கப்பூர். கட்டிடம் கட்டுகிற வேலைகளில் பைப் ஃபிட்டிங் ஒன்று. பைப் ஃபிட்டிங்கில் ஒரு கிளை ஸ்பிரிங்க்ளர். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, எல்லோரையும் போல ஐ.டி.க்குப் போனவன். அங்கே இரண்டரை வருஷம், ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகக் கட்டிட வரைபடத்தில் ஸ்பிரிங்க்ளர் குழாய் ஏசி டக்டில் முட்டுகிறதா என்று கண்டுபிடிக்கிற மென்பொருளில் வேலை. முட்டினால் திரையில் சிவப்பு. என் பெரியப்பா மகன் அதே காலத்தில் வளைகுடாவில் ஏணி மேல் நின்றுகொண்டு அந்தக் குழாயை நிஜமாகவே டக்டுக்கு மேலாக வளைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே தொழிலில் இருக்கிறோம் என்பது ஒரு பொங்கல் லீவில் பேசும்போதுதான் தெரியவந்தது. அப்போது தொடங்கிய படிப்பு இது.

*

ஸ்பிரிங்க்ளரின் வரலாறு பஞ்சிலிருந்து தொடங்குகிறது. 19-ம் நூற்றாண்டின் நியூ இங்கிலாந்து நூற்பாலைகளில் மரத்தரை, அதில் ஊறிய எண்ணெய், காற்றில் மிதக்கும் பஞ்சுத்தூசு. ஒரு பொறி போதும். ஆலைகளுக்குக் காப்பீடு வாங்குவதே பெரும் செலவு. ரோட் ஐலண்டில் ஆலை வைத்திருந்த ஸக்கரையா ஆலன், தன் ஆலையைத் தீப்பிடிக்காதபடி செலவு செய்து கட்டிவிட்டுக் காப்பீட்டுக் கம்பெனியிடம் பிரீமியத்தைக் குறைக்கச் சொன்னார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் 1835-ல் தன்னைப் போன்ற ஆலை முதலாளிகளைச் சேர்த்துப் பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார். நம்மூர்ச் சீட்டு மாதிரி: நம் கூட்டத்தில் யார் ஆலை எரிந்தாலும் நாம்தான் கொடுக்க வேண்டும், ஆகவே யார் ஆலையும் எரியக்கூடாது. இன்று தீத்தடுப்புச் சாதனங்களின் மீது காணும் 'எஃப்.எம்.' முத்திரை இந்தச் சங்கத்தின் வாரிசுடையது.

முதலில் வந்தது துளையிட்ட குழாய். தீப்பிடித்தால் யாராவது ஓடிப்போய் வால்வைத் திறக்க வேண்டும். அப்புறம் எரிகிற இடம், எரியாத இடம் என்று பார்க்காமல் எல்லாம் நனையும். 1874-ல் நியூ ஹேவனில் பியானோ தொழிற்சாலை வைத்திருந்த ஹென்றி பார்மலி, சூட்டில் உருகும் ஈயப்பற்று வைத்துத் தானாகத் திறக்கும் குமிழைச் செய்தார். பியானோவைக் காப்பாற்றத்தான். ஃபிரெடரிக் கிரின்னெல் 1880-களின் தொடக்கத்தில் அதை மேம்படுத்தினார். மான்செஸ்டரின் மேதர் அண்ட் பிளாட் கம்பெனி 1883-ல் அமெரிக்காவுக்கு வெளியே அதை விற்கும் உரிமையை வாங்கியது. 1885-ல் ஜான் வோர்மால்ட் என்ற காப்பீட்டுக்காரர் மான்செஸ்டரில் ஸ்பிரிங்க்ளருக்கான விதிகளை எழுதினார். எத்தனை சதுர அடிக்கு ஒரு குமிழ், குழாய் எத்தனை அங்குலம், தண்ணீர் எங்கிருந்து என்பதெல்லாம் அதில் முறைப்பட்டது. எழுதியவர் இன்ஜினியர் சங்கத்துக்காரர் இல்லை, அரசாங்க அதிகாரியும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1895 வாக்கில் பாஸ்டனைச் சுற்றி நூறு மைலுக்குள் ஸ்பிரிங்க்ளர் குழாயின் அளவுக்கும் இடைவெளிக்கும் ஒன்பது வெவ்வேறு விதிமுறைகள் இருந்தன. (எங்கள் துறையில் இருப்பவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்வார்கள். ஒன்பதையும் ஒன்றாக்க உட்கார்ந்து பத்தாவதை உண்டாக்குவதுதான் எங்கள் குலத்தொழில்.) அவர்கள் ஒன்றாக்கியே விட்டார்கள். 1896-ல் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், அதாவது என்.எஃப்.பி.ஏ., பிறந்தது. அதன் ஸ்பிரிங்க்ளர் விதிதான் இன்றும் உலகம் முழுக்க 'தேர்ட்டீன்' என்று அழைக்கப்படுகிற என்.எஃப்.பி.ஏ. 13. என் மென்பொருளில் சிவப்புக் கோடு விழுந்ததும், என் அண்ணன் ஏணியில் நின்றதும் அந்தப் பதின்மூன்றின் பேரில்தான்.

*

1911 மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க்கில் ஆஷ் பில்டிங் என்ற பத்து மாடிக் கட்டிடம், மேலே மூன்று மாடிகளில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை. வேலை முடியும் நேரத்தில் எட்டாவது மாடியில் துணிக்குப்பையில் தீ. ஒன்பதாவது மாடியில் ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாவது மாடி வரைக்கும்தான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கப்பலேறி வந்த யூத, இத்தாலியக் குடும்பத்துப் பெண்கள். பதினாலு, பதினாறு வயதுப் பிள்ளைகளும் அதில் உண்டு.

கட்டிடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது 'தீப்பிடிக்காத' கட்டிடம் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அந்த விளம்பரம் பொய்யில்லை. இன்றும் அது பல்கலைக்கழகக் கட்டிடமாக நின்றுகொண்டிருக்கிறது. முதலாளிகள் இருவரும் வழக்கிலிருந்து விடுதலையானார்கள், காப்பீட்டுத் தொகையும் வந்தது. வழக்குப் போட்ட குடும்பங்களுக்கு 1914-ல் உயிருக்கு 75 டாலர் என்று பேசி முடித்தார்கள்.

ஸ்பிரிங்க்ளர் என்ற பொருள் அப்போது கடையில் கிடைத்தது. முப்பது வருஷமாகப் பஞ்சாலைகளில் வேலையும் செய்துகொண்டிருந்தது. டிரையாங்கிளில் அது இல்லை. அந்த விபத்துக்குப் பின்னால்தான், 1913-ல், என்.எஃப்.பி.ஏ. உயிர்ப் பாதுகாப்புக்கென்று தனிக் குழு அமைத்தது. அதாவது சங்கம் ஆரம்பித்து 17 வருஷம் கழித்து. அந்த 17 வருஷமும் அவர்கள் கெட்டவர்களாக இருந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் எரிந்த சரக்குக்கு இழப்பீடு கட்ட வேண்டியவர்கள். அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினார்கள்.

அதற்கப்புறமும் குமிழ் மெதுவானதாகவே இருந்தது. 1970-களில்தான் அமெரிக்க அரசின் தீயணைப்பு நிர்வாகம் பணம் கொடுத்து வீடுகளுக்கான ஸ்பிரிங்க்ளரை ஆராயச் சொன்னது. வீட்டில் காப்பாற்ற வேண்டியது சோபாவை இல்லை, சோபாவில் தூங்குகிறவரை. அந்த ஆராய்ச்சியைச் செய்தது ஸக்கரையா ஆலனின் வாரிசான அதே எஃப்.எம்.தான், இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு குமிழ் எவ்வளவு வேகமாகச் சூட்டை உணரும் என்று அளக்க அவர்கள் ஓர் எண்ணைக் கண்டுபிடித்தார்கள், ஆர்.டி.ஐ. என்பார்கள். 50-க்குக் கீழே இருந்தால் வேகமானது, 80-க்கு மேலே இருந்தால் சாதாரணம். 1980-ல் லாஸ் ஏஞ்சலஸில் நிஜ வீடுகளில் தீ வைத்துச் சோதித்தார்கள். மூச்சுமட்டத்தில் புகையும் சூடும் ஆளைக் கொல்லும் அளவுக்குப் போவதற்குள் தண்ணீர் வந்துவிடுகிறதா என்பதுதான் சோதனை. வந்தது. என்.எஃப்.பி.ஏ. 13-ன் 1996-ம் ஆண்டுப் பதிப்பு, பள்ளி, ஆஸ்பத்திரி, அலுவலகம் போன்ற இடங்களுக்கு வேகமான குமிழ் கட்டாயம் என்றது.

பார்மலியின் பியானோவிலிருந்து இங்கே வர 122 வருஷம். குப்பியில் குறைந்தது இரண்டு மில்லிமீட்டர்.

*

இந்தியாவிலும் இது ஆலை வழியாகத்தான் வந்தது. மேதர் அண்ட் பிளாட் நம்மூர் ஆலைகளிலும் பழகிய பெயர். தீக்காப்பீட்டுக் கட்டணத்தை நாடு முழுக்க நிர்ணயித்துவந்த டாரிஃப் அட்வைசரி கமிட்டி ஸ்பிரிங்க்ளருக்கு விதிப்புத்தகம் போட்டது. அதன்படி மாட்டினால் பிரீமியத்தில் தள்ளுபடி. 2007 ஜனவரியில் அந்தக் கட்டணமுறையே நீங்கும் வரை, மில் முதலாளிக்கு ஸ்பிரிங்க்ளர் மாட்டச் சொன்ன குரல் பெரும்பாலும் காப்பீட்டுக் குரல்தான். தேசியக் கட்டிட விதித்தொகுப்பு 1970-ல் வந்தது, 1983, 2005, 2016 என்று திருத்தப்பட்டது. ஸ்பிரிங்க்ளருக்கென்று தனியாக இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 15105, வந்தது 2002-ல்தான்.

இந்த விதிப்புத்தகங்களைப் படிக்கும்போது ஒரு சொல்லில் தடுக்கி நின்றேன். எல்லாமே இடங்களை ஆபத்தின் அளவில் தரம் பிரிக்கின்றன: குறைவு, நடுத்தரம், அதிகம். பஞ்சு கிடங்கு அதிகம். ஜவுளி ஆலை, கடை எல்லாம் நடுத்தரம். பள்ளிக்கூடம் 'லைட் ஹஸார்ட்', குறைந்த ஆபத்து. கணக்கு சரிதான்; அங்கே எரியக்கூடிய சரக்கு குறைவு. நடுத்தர ஆபத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு நிமிஷத்துக்கு 5 லிட்டர் தண்ணீர் என்பது பழகிப்போன அளவு; ஒரு குமிழின் பொறுப்பு 12 சதுர மீட்டர். பெருக்கினால் 60 லிட்டர், நம் தண்ணீர்க் குடத்தில் நாலு குடம், ஒரு நிமிஷத்துக்கு. பள்ளிக்கூடத்துக்கு அதில் பாதி போதும் என்பார்கள். எரியும் பொருளை வைத்து அளந்தால் அப்படித்தான் வரும்.

ஆண்டிமடத்திலிருந்து ஜெயங்கொண்டம், அணைக்கரை வழியாகக் கொள்ளிடம் தாண்டினால் கும்பகோணம் ஐம்பது கிலோமீட்டர் சுமார். 2004 ஜூலை 16 அன்று காசிராமன் தெருப் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். கான்கிரீட் கட்டிடத்தின் மாடியில் கீற்றுக்கொட்டகை போட்டு வகுப்பு நடத்தினார்கள். சமையல் கூடத்து நெருப்பு கூரைக்குப் போனது. இறங்க ஒரு குறுகல் படிக்கட்டு. எரிந்த கூரை பிள்ளைகள் மேல் விழுந்தது. அதற்கு ஆறு மாதம் முன்னால், 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்ட கீற்றுப்பந்தல் முகூர்த்த நேரத்தில் பற்றி, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். இரண்டும் ஒரே மாதிரிக் கட்டிடம்: கீழே கான்கிரீட், மேலே கீற்று, குறுகிய வழி. ஜனவரியில் கிடைத்த பாடம் நூறு கிலோமீட்டர் கிழக்கே போய்ச்சேர ஜூலை வரை நேரம் இருந்தது. காவிரி ஓரமாகவே வந்திருந்தாலும் வந்து சேர்ந்திருக்கும்.

கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரை அகற்றப்பட்டது. 2014 ஜூலை 30-ல் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைத் தண்டித்தது, பதினொரு பேரை விடுவித்தது. இடையில் 2009-ல் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்பதில் பாதுகாப்பான பள்ளிக்கூடத்துக்கான உரிமையும் அடங்கும் என்றது. நான் அடிக்கடி யோசிப்பது வேறு ஒன்று. அந்தப் பள்ளியை ஸ்பிரிங்க்ளர் காப்பாற்றியிருக்குமா? கேள்வியே தப்பு. கீற்றுக்கூரையில் போய்க் குழாய் மாட்ட முடியாது. மாடியில் கீற்று போடாமல் இருப்பதும், இன்னொரு படிக்கட்டு வைப்பதும்தான் அங்கே வடிவமைப்பு. நம் விதித்தொகுப்பு உயரம், பரப்பளவு, பயன்பாடு ஆகியவற்றை வைத்துத்தான் ஸ்பிரிங்க்ளர் வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறது. தேசியத் தொகுப்பில் 15 மீட்டரிலிருந்து உயர்மாடி. தமிழ்நாட்டின் 2019 கட்டிட விதிகளில் 18.30 மீட்டருக்கு மேல். எங்கள் ஊர்க் கடைத்தெருவின் உயரமெல்லாம் அதில் பாதிகூட வராது.

ஸ்பிரிங்க்ளரே பயன்படாத இடங்களும் உண்டு. 2023 அக்டோபர் 9 அன்று எங்கள் மாவட்டத்திலேயே விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்ததில் ஒன்பது பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். வெடிமருந்து 68 டிகிரிக்காகக் காத்திருக்காது. அங்கே விதி என்பது தூரமும் தலைக்கணக்கும்: கொட்டகைக்கும் கொட்டகைக்கும் எவ்வளவு இடைவெளி, உள்ளே எத்தனை பேர். ஒரு வேலைக்கொட்டகையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்கின்றன வெடிபொருள் விதிகள். இந்த விதி வித்தியாசமானது. சரக்கை விட்டுவிட்டு ஆளை எண்ணுகிறது. எண்ணிப் பார்க்க ஆள் வந்தால்தான் அது விதி.

எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு உண்மையான தீத்தடுப்பு விதி எதுவென்று கேட்டால், நான் வீட்டுவசதித் திட்டங்களைச் சொல்வேன். 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 லட்சம் குடிசைகளை ஆறு வருஷத்தில் கான்கிரீட் வீடாக்குவோம் என்று கிளம்பியது. 2024-ல் வந்த கனவு இல்லம் திட்டம் 2030-க்குள் எட்டு லட்சம் வீடு என்கிறது. நடுவில் எத்தனை நிஜமானது என்பது அரசியல் சண்டை. ஆனால் சித்திரை மாதத்து மேல்காற்றில் ஒரு வீட்டில் பற்றினால் ஒரு தெருவே போகும் என்ற பயத்தோடு வளர்ந்த என் அம்மாவின் தலைமுறைக்கு, கூரை மாறியதுதான் தீயணைப்புத் துறை.

*

இனி மாட்டுகிறவர்கள். அமெரிக்காவில் ஸ்பிரிங்க்ளர் ஃபிட்டர் தொழிற்சங்கத்தில் சேருகிறவர் ஐந்து வருஷம் பயிற்சியாளராக இருக்க வேண்டும். வகுப்பும் உண்டு, சம்பளமும் உண்டு. நம்மூரில் வீட்டுக்கு ஒயர் இழுக்கிறவருக்கு வயர்மேன் உரிமம் இருக்கிறது, பாய்லரில் பற்றுவைக்கிற வெல்டருக்குச் சான்றிதழ் இருக்கிறது. ஸ்பிரிங்க்ளர் மாட்டுகிறவரிடம் அப்படி எதையும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கட்டிடத்துக்குத் தடையின்மைச் சான்று உண்டு. கைக்குக் கிடையாது.

அண்ணன் 2009-ல் போனது ஹெல்பராக. ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தை அடைக்கவே ஒன்றரை வருஷம். குழாய் தூக்குவது, த்ரெட்டிங் மிஷினுக்கு எண்ணெய் விடுவது. அப்புறம் ஃபிட்டர், கடைசி நாலு வருஷம் ஃபோர்மேன். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. "ஒரு மலையாளத்துக்காரரு இருந்தாரு தம்பி, திட்டித் திட்டியே சொல்லிக்குடுப்பாரு. குப்பியில வெரலு படக்கூடாதும்பாரு. அந்த ஆரஞ்சு மூடியக் கடைசி நாள் வரைக்கும் கழட்டக்கூடாது, கடைசி நாளு கழட்டாம விட்டா நீ கொலகாரன்னுவாரு." ஆரஞ்சு மூடி என்பது குப்பி உடையாமல் இருக்க வரும் பிளாஸ்டிக் கவசம். அதை அகற்ற மறந்த குமிழ்களை ஒப்படைத்த கட்டிடங்களில் பார்த்திருப்பதாகச் சொன்னார். கூரைக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் குமிழுக்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள். பெயிண்ட் பூசிய குமிழ் சூட்டைத் தாமதமாக வாங்கும். மூடி ஒட்டிக்கொள்ளவும் செய்யும். துடைத்தால் போதாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றினால் காசு, ஆகவே துடைப்பார்கள்.

நான் அவரிடம் என் மென்பொருளைக் காட்டினேன். சிவப்புக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல எங்கடா டக்டுக்காரன்?" என்றார். சைட்டில் முதலில் வருகிறவன்தான் இடத்தைப் பிடிப்பான். டக்டு பெரியது, அதை நகர்த்தினால் பெருஞ்செலவு. எனவே நகர்வது எப்போதும் ஸ்பிரிங்க்ளர். அரை மீட்டர் இந்தப்பக்கம், முக்கால் மீட்டர் அந்தப்பக்கம். உத்தரத்துக்குப் பக்கத்தில் போய்விட்டால் தண்ணீர்க் குடையில் ஒரு பக்கம் நிழல் விழும். அந்த நிழலுக்குள் ஒரு கட்டில் இருக்கலாம். வரைபடத்தில் இதற்கெல்லாம் இலக்கம் இருக்கிறது. ஏணியில் நிற்கிறவனிடம் இருப்பது டேப்பும் ஃபோர்மேன் சத்தமும்.

பிறகு அழுத்தச் சோதனை: 200 பி.எஸ்.ஐ., இரண்டு மணி நேரம், ஒரு சொட்டுக்கூடக் கசியக்கூடாது. அந்த இரண்டு மணி நேரம் மட்டும் சைட்டில் ஒருவரும் பேச மாட்டார்களாம், பிரசவ வார்டு வாசல் மாதிரி. சோதனை முடிந்ததும் வால்வைத் திறந்துவைக்க வேண்டும். அமெரிக்கக் கணக்குப்படி, ஸ்பிரிங்க்ளர் இருந்தும் வேலை செய்யாமல் போன தீ விபத்துகளில் பாதிக்கு மேல் காரணம் ஒன்றுதான்: யாரோ எப்போதோ வால்வை மூடியிருந்தார்கள். ரிப்பேருக்கு மூடியது, கசிகிறது என்று மூடியது, எதற்கு என்றே தெரியாமல் மூடியது. தொழில்நுட்பம் தோற்ற இடம் இதில் கொஞ்சம்தான். ஒரு ஆளை வேலைக்கு வைத்து, மாதம் ஒருமுறை போய்ச் சக்கரத்தைத் தொட்டுப்பார் என்று சொல்லாததுதான் பெரும்பகுதி.

நான் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்ததை ரொம்ப நேரம் கழித்துத்தான் கேட்டேன். நீங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் ஸ்பிரிங்க்ளர் இருந்ததா?

"எங்க ரூம்ல பன்னெண்டு பேரு. ரெண்டடுக்குக் கட்டிலு. பொகையத் தெரிஞ்சிக்கிற டப்பா ஒண்ணு இருந்துச்சு. சமைக்கிறப்பல்லாம் கத்துதுன்னு பாலித்தீன் பையப் போட்டுக் கட்டிப்புட்டாங்க." கட்டியது யார் என்று கேட்டேன். "நாங்கதான்" என்றார். பகலில் அதே கைகள் ஐந்து நட்சத்திர ஹோட்டலின் தாழ்வாரத்தில் வேகமான, 3 மில்லிமீட்டர் குப்பிகளை மாட்டிக்கொண்டிருந்தன. தாழ்வாரத்தில் யாரும் தூங்கப்போவதில்லை என்று அவர்கள் கேலி பேசிக்கொள்வார்களாம்.

2024 ஜூன் 12 விடியலில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் கிட்டத்தட்ட இருநூறு பேர், பாதிப்பேர் தூக்கத்தில். தரைத்தளத்தில் மின்கசிவு. புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது என்று செய்திகள் சொல்லின. இறந்த ஐம்பது பேர் அளவில் 45 பேர் இந்தியர்கள், அதில் ஏழு பேர் தமிழ்நாடு. எங்களுக்கு அடுத்த கடலூர் மாவட்டத்துக்காரரும் இருந்தார். ஜூன் 14 அன்று விமானப்படை விமானம் சடலங்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. பூட்டிய கதவு என்று படித்ததும் எனக்கு ஆஷ் பில்டிங்கின் ஒன்பதாவது மாடி ஞாபகம் வந்தது. அன்று நியூயார்க்கில் இறந்தவர்களும் கப்பலேறிப் பிழைக்கப் போனவர்கள். 113 வருஷம் நடுவில்.

அந்த வாரம் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் போன் போனது. அண்ணன் அப்போது ஊரோடு வந்து முந்திரிக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வாட்ஸப் குழுவில் இன்னும் அங்கேயே இருக்கிற பையன்களுக்கு அவர் குரல்பதிவு அனுப்ப ஆரம்பித்தார். படிக்கட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது பாரு. மொட்டைமாடிக்கு யாருகிட்ட சாவி இருக்கு, கேளு. புதுக் கேம்ப்புகள் சிலவற்றில் இப்போது ஸ்பிரிங்க்ளர் வந்துவிட்டது. அங்கே இருக்கிறவர்களுக்கு வேறு திட்டு: குமிழில் சட்டையை மாட்டாதே, மேல்கட்டிலில் பெட்டியைக் கூரை வரைக்கும் அடுக்காதே. பதின்மூன்றாம் விதிப்படி குமிழின் தட்டுக்குக் கீழே 18 அங்குலம் காலியாக இருக்க வேண்டும். இது அவருக்கு மனப்பாடம். ஏன் 18 என்று ஒரு பையன் திருப்பிக் கேட்டிருக்கிறான். குடை விரிய இடம் வேண்டாமா என்று இவர் சொன்னதை அவன் நம்பவில்லை, எழுத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறான். நல்ல கேள்வி. எழுத்தில் இருக்கிறது, ஆங்கிலத்தில் இருக்கிறது.

ஆகவே போன மாசியிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் போனில் உட்கார்ந்து, ஃபிட்டருக்கும் கேம்ப்பில் தூங்குகிறவருக்கும் வேண்டியதை மட்டும் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதுவரை பதினாலு பக்கம். ஐ.எஸ். 15105 ஒரு பக்கம், அவர் அனுபவம் ஒரு பக்கம். நான் எழுதுவதை அவர் வாசித்து, "இது வாத்தியாரு தமிழு" என்று அடிப்பார். 'தெளிப்பான்' என்று போட்டிருந்தேன். அது தோட்டத்துக்குத் தண்ணி விடுறது என்றார். ஸ்பிரிங்க்ளர் என்றே வைத்துக்கொண்டோம். வால்வு, ஹேங்கர், த்ரெட் எல்லாம் அப்படியே. 'டிஃப்ளெக்டர்' என்ற சொல்லில் மட்டும் ஒரு வாரம் நின்றோம். நான் விலக்குத் தகடு, சிதறல் தகடு என்று நாலைந்து சொன்னேன். தண்ணி அதுல மோதி விரியிறப்ப நீ நேர்ல பாத்ததில்லல்ல, பூன்னு போடு என்றார். பூவுக்குக் கீழே 18 அங்குலம் என்று போட்டிருக்கிறேன்.